கண்ணாடிக் கடைக்காரரின் மூக்கு

மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கத்தான் செய்யும் என்பார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்தத் தொல்லை போன வருஷத்தோடு விட்டது. மூக்கில் ஒரு கட்டி வந்தது, பொல்லாத கட்டி. டாக்டர்கள் கட்டியை எடுத்தார்கள், கூடவே மூக்கையும் எடுத்தார்கள். உயிர் தப்பியது. முகத்தின் நடுவில் ஒரு பள்ளமும் அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் துணியும் மிஞ்சின.

ஊரில் இருக்கிற மூக்கையெல்லாம் தொட்டுப் பார்த்த மனிதர் அவர். கடைவீதி முனையில் ஒற்றை அறைக் கடை. உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், நேரே மூக்கைத்தான் பார்ப்பார். சப்பை மூக்கில் எந்த ஃபிரேம் நழுவும், புடைத்த மூக்கில் எது தழும்பு போடும் என்று தொட்டவுடன் சொல்லிவிடுவார். ஒரு பெரிய வக்கீலையே, “உங்க மூக்குல இதெல்லாம் நிக்காது சார், ஆசைப்படாதீங்க” என்று திருப்பி அனுப்பியவர். அவருக்கா இந்த வம்பு வரவேண்டும்! விதிக்கு நக்கல் ஜாஸ்தி.

ஆனால் அவரை வாட்டியது மூக்கு போனதல்ல. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

முன்பெல்லாம் அந்த அம்மாள் காலையில் வாய் திறந்தால் ராத்திரி விளக்கணைக்கிற வரை அர்ச்சனைதான். கட்டிலில் போட்ட ஈரத்துண்டுக்கு ஒன்று, வாசலில் குறுக்கே கிடக்கும் செருப்புக்கு ஒன்று, சட்டைப் பையில் மறந்த குட்டித் திருகாணிகளுக்கு நாலு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. சோதித்துப் பார்க்கவென்றே ஒரு பிடி திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுத் துவைக்கக் கொடுத்தார். வாஷிங் மெஷின் கடகடவென்று கத்தியது. அவள் கத்தவில்லை. “பரவால்லங்க” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல், தோளைப் பார்த்து.

அந்தப் ‘பரவால்லங்க’வா அவருக்கு வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வருகிற விருந்தாளியின் குரல் அது. மூக்கு வந்தால் முகம் வரும், முகம் வந்தால் பார்ப்பாள், பார்த்தால் கட்டாயம் திட்டுவாள். இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவர் செயற்கை உறுப்பு செய்யும் இடத்துக்கு மாடியேறினார்.

அங்கே அலமாரியில் காதுகள் வரிசையாக இருந்தன. மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கட்டைவிரல். கம்ப்யூட்டரில் உறுப்புகளை வரைந்து, அச்சடிக்கும் மெஷினில் மாதிரி எடுக்கும் டிசைனர் பெண் அவரை உட்கார வைத்து, முகத்தைச் சுற்றி ஒரு வெளிச்சக் கருவியை ஆட்டினாள்.

“கைன்னா கவலையே இல்ல சார். இருக்கிற கையை ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டா இல்லாத கை வந்துரும். காதும் அப்படித்தான். மூக்கு ஒண்ணே ஒண்ணாப் போச்சே! பக்கவாட்டுல எடுத்த பழைய போட்டோ இருக்கா?”

இல்லை. எல்லாப் படத்திலும் கடைக்கு விளம்பரமாகப் பட்டைக் கண்ணாடி மாட்டி, பல்லைக் காட்டி நேராக நிற்கிறார். கண்ணாடியில் அடித்த வெளிச்சத்தில் மூக்கே தெரியவில்லை.

“அப்ப ரத்த சொந்தத்துல யாராச்சும் மூக்கு குடுக்கணும்.”

“குடுக்கணுமா?” என்று அலறினார் அவர்.

“ஸ்கேன்தான் சார், அறுக்க மாட்டோம்.”

செய்தி கேட்டதும் அவருடைய அக்கா ஓடி வந்தாள். “ஒரே வயித்துல பொறந்தவ நான் இருக்கேன், எவன் மூக்குக்குடா நீ அலையுற?” எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பவள் என்று பெயர் வாங்கியவள். தம்பி முகத்திலேயே நுழைக்கக் கிடைத்த வாய்ப்பை விடுவாளா? மூக்குத்தியை மட்டும் கழற்ற மாட்டேன் என்றாள். “கழட்டுனா துளை அடைஞ்சிரும். நீ அப்படியே எடும்மா.” கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்று டிசைனர் பெண் எடுத்தாள். அழிக்கத்தான் மறந்துபோனாள்.

அளவு பார்க்கிற மாதிரிதானே என்று மெஷினில் மாட்டியிருந்த பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்தாள். அது கிளிப்பச்சை. டேப் போட்டு ஒட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். பச்சை மூக்கு, ஓரத்தில் பட்டாணி போல ஒரு குமிழ். மிளகாய்ப்பழம் கொத்தாததுதான் குறை. ஆனாலும் உள்ளூர ஒரு குஷி. இதற்குத் திட்டாமல் எதற்குத் திட்டுவாள் என்று வெளியே பெஞ்சில் இருந்த மனைவியின் முன்னால் போய் நின்றார்.

“எப்படி இருக்கு?”

அவள் தோளைப் பார்த்தாள். “நல்லாத்தாங்க இருக்கு.”

“பச்சையா இருக்குடி!”

“கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குங்க.”

“மூக்குத்தி இருக்கு!”

“சின்னதுதானே.”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இவள் சாகிற வரை எனக்கு நல்லவளாகவே இருந்து தொலைப்பாள் போலிருக்கிறதே என்று பயந்தார். முப்பது வருஷம் சண்டை போட்ட வீட்டில் இப்போது அவர் தனியாக இருந்தார்.

டிசைனர் பெண் நூறு தடவை மன்னிப்புக் கேட்டு மறுபடி உட்கார்ந்தாள். குமிழை அழித்தாள். செய்த தப்புக்குப் பரிகாரமாக, மூக்கின் பாதியை எடுத்து மறுபாதியில் திருப்பி ஒட்டி, இரண்டு பக்கமும் துளி பிசகாமல் ஒன்றாக்கினாள். நாள் முழுக்கக் கையையும் காதையும் திருப்பிப் போட்டுப் பழகிய விரல், அங்கேயும் போய்விட்டது. பிறகு இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

திரையில் கண்ணாடிக் கடைக்காரரின் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் தேர்ந்த சிற்பி செதுக்கியது போல ஒரு மூக்கு. அவருக்கே சபலம் தட்டியது. மனைவி தோளைப் பார்க்கத் தேடினாள். திரையில் தோள் இல்லை, முகம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் பார்த்தாள்.

“ஓகேயாம்மா?”

“நல்லா...” என்றாள். அதற்குமேல் வரவில்லை. முகம் சிவந்தது. “என்னம்மா மூக்கு இது? ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி! இந்த மனுஷன் மூக்கு என்னைக்கு நேரா இருந்துச்சு? இடது பக்கம் சாஞ்சுல்ல இருக்கும்!”

டிசைனர் பெண் மௌஸைப் பிடித்தாள். “எவ்வளவு சாயணும்?”

“சாய்... இன்னும்... வாடகை வீட்டுக் கதவு மாதிரி. ஆங், நிறுத்து. நடுவுல ஒரு மேடு வை. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுவாரு, இவரு கண்ணாடி மட்டும் அந்த மேட்டுல முட்டிக்கிட்டு நிக்கும்.”

“நுனி?”

“உருளைக்கிழங்கு. கஞ்சத்தனம் பண்ணாத, பெரிய கிழங்காப் போடு. ஓட்டை ரெண்டும் ஏன் ஒரே அளவா இருக்கு? இடதுதான் பெருசு. குறட்டை அது வழியாத்தான் வரும், பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா?”

கண்ணாடிக் கடைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எத்தனை வருஷமாக வாங்கிய வசவு! ஒவ்வொன்றும் ஓர் அளவாகத் திரையில் ஏறியது. பக்கவாட்டில் தன் மூக்கு எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது. அவளுக்கு மில்லிமீட்டர் பிசகாமல் தெரிந்திருந்தது.

“இதாம்மா?” என்று கடைசியில் கேட்டாள் டிசைனர் பெண்.

அந்த அம்மாள் கிட்டே போய் நின்று பார்த்தாள். “இதான். இந்தக் கருமம்தான்” என்றாள். சொன்னவள் அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில்கூட அழாதவள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். நல்லதாக ஒன்றும் வாயில் வரவில்லை.

“உனக்காவது ஒழுகறதுக்கு ஒரு மூக்கு இருக்கு. துடைச்சுக்கோ.”

அவள் நிமிர்ந்தாள். திரையை விட்டு, தோளை விட்டு, வெள்ளைத் துணி ஒட்டிய அந்த முகத்தையே நேராகப் பார்த்தாள்.

“பேச்சைப் பாரு பேச்சை! ஒரு கூறு இருக்கா உங்களுக்கு? வாய மூடிட்டு உக்காருங்க.”

கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.