ரோஸ்மில்க் வந்த போர்வெல்

சரவணமுத்துவுக்கு மெதுவாகப் பேச வராது. சின்ன வயதிலேயே போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறியவர். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளி நில் என்று சொல்வதற்குக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஆந்திராவிலும் சத்தீஸ்கரிலும் போர் போட்டு அப்படியே பழகிப்போன குரல். திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய தெருவில், “சாப்பிட்டியா சாமி?” என்று அன்பாகக் கேட்டாலே குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிவிடும். அவருக்குத் தெருப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘கத்தற மாமா’. அது அவருக்கும் தெரியும். பிள்ளைகளைப் பார்த்தால் தானாகவே எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடப்பார்.

அந்த ஊர்களில் மழைக்காலமான ஆனி, ஆடியில்தான் வண்டிகள் ஊர் திரும்பும். மகள் மோனிஷா பிறந்ததோ தை மாதத்தில். அதனால் அவளுடைய ஒரு பிறந்தநாளுக்கும் அவர் ஊரில் இருந்ததில்லை. போனில் வாழ்த்துச் சொல்வார். மனைவி ரஞ்சிதா போனைக் கை தூரத்தில் பிடித்துக்கொள்வாள்.

போன மார்கழியில், குழிக்குள் இறக்கும் இரும்பு ராடு ஒன்று நழுவி அவருடைய தோள்பட்டையில் விழுந்தது. கோடை வரைக்கும் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். ரஞ்சிதா வீட்டிலேயே நைட்டி தைப்பவள். அவள் மிஷினுக்குப் பக்கத்தில் சேரைப் போட்டுக்கொண்டு, நூல் இழுவையைப் பற்றியும் மிதியைப் பற்றியும் அவர் யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

“ஏனுங்க, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க. நீங்க பேசுனா எனக்குத் தையல் கோணுது” என்றாள் ரஞ்சிதா.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு மயிலம்மாள் தன் மகன் இளஞ்செழியனுக்கு ஆறாவது பிறந்தநாள் கொண்டாடினாள். மண்டபம், பலூன் வளைவு, வாசலில் கைகொடுக்க ஒரு கரடி. கரடி வேஷம் போட்டவர் இடையில் தலையைக் கழற்றி வைத்துவிட்டு மோர் குடித்ததை மோனிஷா பார்த்துவிட்டாள். இருந்தாலும் அவளுக்குக் கரடிதான் வேண்டும்.

சரவணமுத்து கரடிக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு மகளிடம் வந்தார்.

“அன்னைக்குக் கரடிக்கு நாமக்கல்ல ஒரு ரிசப்சன் இருக்குதாம் சாமி.”

“அப்ப என்ற பர்த்டேக்கு என்னதான் வரும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “ரிக்கு வரும்” என்றார்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் மகள் அதற்குள் தெருவில் இறங்கி எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

மறுநாளிலிருந்து வீட்டில் யோசனை சொல்லும் தொல்லை நின்றது. மோனிஷா முன்பு ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் லாரியானது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து அதன்மேல் உட்கார வைத்தார். பின்பக்கம் பிவிசி பைப்பில் ஒரு கம்பம். கயிற்றை இழுத்தால் படுத்திருக்கும் கம்பம் நிஜ வண்டியைப் போலவே மெல்ல எழுந்து நிற்கும். நம்பர் பிளேட்டில் மகளின் பிறந்த தேதி. முன்கண்ணாடிக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

வாசலில் செம்பருத்திச் செடியோரம், மயிலம்மாள் வீடு கட்டி மிச்சமான மணல் குவிந்து கிடந்தது. அவளிடம் கேட்டுவிட்டு, அதற்குள் அங்கங்கே குட்டைக் குழாய்களை நட்டு, வாயைக் காகிதத்தால் மூடி, மேலே மண்ணைத் தூவி மறைத்தார். ஒவ்வொரு குழாயின் அடியிலிருந்தும் ஒரு டியூப் சுவரோரமாக மொட்டைமாடிக்குப் போனது. மாடியில் ரோஸ்மில்க் நிரப்பிய வாளி. குழந்தை ஒரு இடத்தில் பைப்பை இறக்கிக் காகிதத்தைக் கிழித்ததும், மேலே ரஞ்சிதா அந்த டியூபைத் திறக்க வேண்டும். முழ உயரத்துக்கு ரோஸ்மில்க் பீய்ச்சும், டம்ளரில் பிடித்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் டியூபுக்குப் பதிலாகச் சைக்கிள் பம்பைச் சொருகி, கிழங்கு மாவைக் கொட்டி வைத்தார்.

“அது என்னத்துக்குங்க?” என்றாள் ரஞ்சிதா.

“போடற போரு எல்லாத்துலயும் தண்ணி வருமா? ஒண்ணாவது புகையாப் போவோணும். அப்பத்தான் அது போரு.” தண்ணீர் இல்லாத பாறையில் துளைபோடும் பிட் இறங்கும்போது வெறும் கல்தூள்தான் புகையாகக் கிளம்பும். ரிக்காரர்கள் அதைத்தான் புகை என்பார்கள். “அத நானே கடைசியாப் போட்டுக்கறேன். புள்ளைங்க சிரிக்கட்டும்.”

பிறந்தநாளன்று சாயங்காலம் ரஞ்சிதா நைட்டித் துணி வெட்டில் விழுந்த துண்டுகளையெல்லாம் முக்கோணமாகத் தைத்துத் தெருவின் குறுக்கே தோரணம் கட்டியிருந்தாள். பூப்போட்ட துணி, கட்டம் போட்ட துணி, புள்ளி வைத்த துணி எல்லாம் காற்றில் படபடத்தன. பிள்ளைகள் வந்தார்கள். ரிக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் கத்தற மாமா நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்கள். இளஞ்செழியன் ஊதா நிற வெல்வெட் கோட்டில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் இருந்தான்.

முதலில் போர் போடுவது மோனிஷா. தண்ணீர் ஓட்டம் பார்க்கிறவர்கள் செய்வதைப் போல உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, அவள் மணலைச் சுற்றி நடக்க வேண்டும். தேங்காய் ஆடுகிற இடம்தான் போர் போடும் பாயின்ட். மகள் தவறிப்போய்ப் புகைக்குழாயில் நின்றுவிடக் கூடாதே என்று சரவணமுத்துவுக்கு ஒரே கவலை. குனிந்து அவள் காதில் ரகசியமாகச் சொன்னார்.

“செம்பருத்திச் செடிப் பக்கமாப் போ சாமி. அங்கதான் ரோஸ்மில்க் இருக்குது.”

மொட்டைமாடியில் இருந்த ரஞ்சிதாவுக்கே அது தெளிவாகக் கேட்டது. அடுத்த கணம் எல்லாப் பிள்ளைகளும் டம்ளரோடு செம்பருத்திச் செடிக்கு ஓடினார்கள்.

மோனிஷாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தேங்காயோடு நேர் எதிர்ப்பக்கம் நடந்தாள். தேங்காயைத் தானே ஆட்டினாள். “இங்கதான் பாயின்ட்டு” என்றாள்.

அது புகைக்குழாய்.

வேண்டாம் என்று சொல்ல இன்னொரு தடவை வாயைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது. வண்டியை உருட்டிக்கொண்டு போய், கயிற்றை இழுத்துக் கம்பத்தை நிறுத்தினார். மோனிஷா பைப்பைத் திருகி இறக்கினாள். காகிதம் கிழிந்தது. சரவணமுத்து தலையைக் குனிந்துகொண்டு நல்ல கையால் பம்பை அழுத்தினார்.

புஸ்ஸென்று மாவு கிளம்பியது. மோனிஷாவின் பட்டுப்பாவாடை, சடை, புருவம் எல்லாம் வெள்ளை. கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. மகள் அழப்போகிறாள் என்று அவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பா போனில் கத்துவதைப் போலவே கட்டைக் குரலில் கத்தினாள்.

“வெறும் புகைதான் வருது! ராடு ஏத்துங்கடா!”

செம்பருத்திச் செடிப் பக்கம் முதலில் சிரித்தது இளஞ்செழியன்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சரவணமுத்துவும் தன்னையறியாமல் அதே குரலில், “ஏத்தியாச்சுங்க, டிரில்லரம்மா!” என்று பதில் கத்தினார். அதைக் கேட்டு ஒரு குழந்தையும் ஓடவில்லை. மாறாக, எல்லோரும் ஓடி வந்து வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

மாடியிலிருந்து ரஞ்சிதா டியூபைத் திறந்து பார்த்தாள். செம்பருத்திச் செடியோரம் ரோஸ்மில்க் அழகாகப் பீய்ச்சியது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

“எனக்குப் புகை வேணுங்க மாமா” என்றான் இளஞ்செழியன்.

“கோட்டு வீணாப் போயிருமே சாமி.”

அவன் கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். சரவணமுத்து ஒவ்வொருவருக்கும் அதே குழாயில் மாவை மறுபடி நிரப்பினார். மயிலம்மாள், “இதுக்காடா நான் ஈரோடு வரைக்கும் போய்த் துணி எடுத்தேன்?” என்று திட்டிக்கொண்டிருந்தவள், பிள்ளைகள் முடித்த பிறகு மெதுவாகக் கிட்டே வந்தாள். “ஒருக்கா நானும் போட்டுப் பாக்கட்டுங்களாண்ணா?”

கிழங்கு மாவு தீர்ந்த பிறகுதான் ரோஸ்மில்க்குக்கு மரியாதை வந்தது. ரஞ்சிதா கீழே இறங்கித் தட்டுவடை செட்டுக்குக் கடை விரித்தாள். தட்டுவடை, துருவிய கேரட், பீட்ரூட், இரண்டு சட்னி எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில். அவரவர் செட்டை அவரவரே செய்துகொள்ள வேண்டும். ஆனால் இன்னொரு தட்டுவடையால் மூடுவதற்கு முன் அதில் ஒரு முகம் இருக்க வேண்டும். கேரட்டில் மீசை வந்தது, பீட்ரூட்டில் வாய் வந்தது. பெரும்பாலான முகங்களுக்கு வாய் மிகப் பெரியதாக இருந்தது. யாரென்று கேட்டதற்கு எல்லோரும் சரவணமுத்துவைக் காட்டினார்கள். அவர் அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “மூக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் நல்லாருக்குமே சாமி” என்றார்.

மாசி மாதம் முழுக்க அவருக்கு அழைப்பு வந்தபடி இருந்தது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு, பிறகு ஒரு நாள் ஓமலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. வண்டியை ஆம்னி வேனின் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டுப் பெரியவர் காளியப்பன் முதலில் தூரத்தில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாம் முடித்ததும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“தம்பி, நானொரு பாயின்ட்டு பாக்கறனுங்க.”

தேங்காயை வாங்கி, கண்ணை மூடி, மிகுந்த பக்தியோடு நடந்தார். பைப்பைத் தானே இறக்கினார். ரோஸ்மில்க் பீய்ச்சியது. காளியப்பன் ஒரு டம்ளர் பிடித்து நின்றபடியே குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் காட்டுல நாலு போரு போட்டேன். நாலும் புகை. இன்னைக்குத்தானுங்க எனக்கு வந்துருக்குது” என்றார். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டார்.

பங்குனியில் டாக்டர் தோளைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ரிக் முதலாளியிடமிருந்து போன் வந்தது. சரவணமுத்து பையைக் கட்டினார். போகும் அன்று தெருப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்கள். அவர் எல்லோரிடமும், “போயிட்டு வாரேன் சாமி” என்றார். நின்றிருந்த ஈரோடு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

சித்திரையிலும் வைகாசியிலும் பிறந்த பிள்ளைகளின் பாடுதான் கஷ்டமாகப் போயிற்று. ரிக்கும் கத்தற மாமாவும் இல்லாத பிறந்தநாள் யாருக்கு வேண்டும்? கடைசியில் தாய்மார்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். கோயிலுக்குப் போவதும் கேக் வெட்டுவதும் பிறந்த தேதியில். பார்ட்டி மட்டும் மழைக்காலத்தில், சரவணமுத்து ஊருக்கு வந்த பிறகு. இதைக் கேள்விப்பட்ட இளஞ்செழியன், தைப் பிறந்தநாளில் தனக்குக் கரடிதான் வந்தது, ரிக் வரவில்லை, அதனால் ஆறாவது பிறந்தநாள் இன்னும் பாக்கி இருக்கிறது என்று வாதாடினான். மயிலம்மாள் ரஞ்சிதாவிடம் வந்து, ஆடியில் அவனுக்கும் ஒரு நாள் ஒதுக்கிவிடச் சொன்னாள். ரஞ்சிதா சரி என்று சொல்லிவிட்டு, போன தடவை ஒரு கிலோ பத்தவில்லையே என்று இந்தத் தடவை கிழங்கு மாவை மூட்டையாக வாங்கி வைத்தாள்.