ஒரு லிட்டருக்கான பொடி

மாரிச்சாமிக்கு மருந்தடிக்கிற வேலை. பசுவந்தனைப் பக்கம் மிளகாயிலோ பருத்தியிலோ பூச்சி விழுந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மருந்தை மூடியில் அளந்து டேங்கில் ஊற்றுவான். ஊற்றிவிட்டு, டப்பாவை மேலும் ஒரு சரிப்புச் சரிப்பான். கொஞ்சம் காரமாக இருந்தால்தான் பூச்சி சாகும் என்பது அவன் எண்ணம். பயிர் கருகியதாக யாரும் வந்து சொன்னதில்லை. அந்தக் கை அப்படியே பழகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், கோடையில், அவன் மகள் வள்ளிமயிலுக்கு வயிற்றோட்டம் கண்டது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. சுகாதார நிலையத்தில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி பாக்கெட்டுகள் கொடுத்தார்கள்.

மனைவி ரேணுகாதேவி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "ஒரு லிட்டர் தண்ணில கலக்கணும்னு போட்டிருக்கு" என்றாள்.

"பச்சப்புள்ள ஒரு லிட்டர எப்பிடிட்டி குடிப்பா? கெட்டியா குடுத்தா சட்டுனு கேக்கும்" என்றான் மாரிச்சாமி. முழுப் பொடியையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். அது தீர்ந்ததும் இன்னொரு பாக்கெட்டையும் அப்படியே கரைத்தான். குடிக்கக் குடிக்கப் பிள்ளைக்குத் தாகம்தான் கூடியது. மறுநாள் காலை அழுகை கீச்சென்று மாறி, கைகால் வெட்டி இழுத்தது.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சுதாராணி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "பொடிய எவ்வளவு தண்ணில கலக்குனீங்க?" என்று கேட்டார்.

மாரிச்சாமி பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒரு டம்ளர்லங்க. நாந்தான் கலக்குனேன்" என்றாள் ரேணுகாதேவி.

"பொடியில தப்பில்லம்மா. அஞ்சு டம்ளர் தண்ணில பரவ வேண்டிய உப்பு ஒரே டம்ளர்ல நின்னுருக்கு. ஒவ்வொரு வாயிலயும் அஞ்சு மடங்கு உப்பு போயிருக்கு. ரத்தத்துல உப்பு ஏறி, மூளையில உள்ள தண்ணியக்கூட இழுத்திருச்சு."

"நெறையத் தண்ணி ஏத்துனா சரியாயிருமா டாக்டரம்மா?" என்று கேட்டான் மாரிச்சாமி.

"அப்படி ஏத்தக் கூடாது. உப்பு சட்டுனு இறங்கினா மூளை வீங்கிரும். மெதுவாத்தான் இறக்கணும்."

பிள்ளையின் கையில் ஏற்றிய மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மாரிச்சாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ரேணுகாதேவியின் அண்ணன் சங்கரபாண்டி வந்தார். விஷயம் கேள்விப்பட்டு, "ஏட்டி, படிச்சவதான? அதுல எழுதிருக்கத வாசிக்க மாட்டியா?" என்று வார்டு வாசலிலேயே தங்கையைத் திட்டினார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

"மச்சான், அவள ஏசாதீங்க. அவ வாசிச்சுத்தான் சொன்னா. கேக்காமக் கலக்குனவன் நான்" என்றான் மாரிச்சாமி.

சங்கரபாண்டி அவன்மேல் கையை ஓங்கி, பிறகு இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிள்ளை பிழைத்தது. ஆனால் இடது கால் பலமில்லாமல் போனது. ரேணுகாதேவி அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

போன ஐப்பசியில் காசிராஜன் என்பவரின் மிளகாய்க்கு மருந்தடிக்கப் போனான். டேங்க் பழுதானதால் பாதி அளவு பிடிக்கிற சின்ன டேங்கை எடுத்துப் போயிருந்தான்.

"ஏலே, பக்கத்துப் புஞ்சைக்கு ரெண்டு மூடி ஊத்துன, எனக்கு ஒரு மூடிதானா?"

"இதுல தண்ணியும் பாதிதான் அண்ணாச்சி. அங்க இருந்த காரம்தான் இங்கயும் இருக்கும்."

"இன்னொரு மூடி ஊத்து. நான் சொல்லுதேன்லா?"

"ஊத்த மாட்டேன் அண்ணாச்சி."

காசிராஜன் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அவருடைய மற்றப் புஞ்சைகளின் வேலையும் மாரிச்சாமிக்குக் கைவிட்டுப் போனது.

வாராவாரம் வள்ளிமயிலைப் பயிற்சிக்குக் கோவில்பட்டி கூட்டிப் போகிறார்கள். மாரிச்சாமி எப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்; கம்பியைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து அவள் நடப்பதைப் பார்க்க அவனால் முடியாது. சென்ற வாரம் ரேணுகாதேவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இங்கன வாங்க. ஒரு பக்கம் நீங்க பிடிங்க" என்றாள்.

எழுந்து போய், மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டான்.