கோமதிக்கு விழுந்த இரண்டாம் பாகம்

நேற்று அம்பத்தூர் ஸ்டேஷனில் ஆவடி வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் புத்தகம் படித்துக்கொண்டே தானாகச் சிரித்தாள். என்ன புத்தகமென்று எட்டிப் பார்த்தால் அட்டையைத் திருப்பிக்கொண்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயதிலுமா என்று கேட்காதீர்கள். புத்தக விஷயத்தில் நான் கொஞ்சம் அப்படித்தான்.

எட்டாவதோடு நின்றவள் நான். கல்யாணமாகி மேனாம்பேடு வந்த புதிதிலும் சாமிப் பாட்டுப் புத்தகங்களைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. எங்கள் தெரு அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்கு பூஜை முடிந்ததும் பெண்களெல்லாம் புத்தகம் மாற்றிக்கொள்வோம். ஆளுக்கொன்றைக் காலண்டர் தாளில் அட்டை போட்டு அம்மன் முன்னால் அடுக்கிவிட வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். கைக்கு வந்ததை மாற்றக் கூடாது. பிரசாதத்தை யாராவது வேண்டாமென்பார்களா?

எனக்கு ஒருமுறை கொலைக்கதை வந்தது. முதல் பக்கத்திலேயே கிணற்றில் பிணம். சிவசிவா என்று மூடிவிட்டேன். ஆனாலும் அம்மன் கொடுத்ததாயிற்றே! அட்டையில் குங்குமம் வைத்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். சாம்பார் தீய்ந்த வாசனைதான் என்னை எழுப்பியது. இப்போதும் பருப்பு அடிப்பிடித்தால் அந்தக் கிணறுதான் ஞாபகத்துக்கு வரும். கடைசிப் பக்கத்தில் 'முதல் பாகம் முற்றும்' என்று போட்டுவிட்டான், பாவி.

அடுத்த வெள்ளி இரண்டாம் பாகம் வந்தது, எதிர்வீட்டுக் கோமதிக்கு.

"கொல பண்ணது யாருன்னு மட்டும் சொல்லிடுடி கோமதி."

"அஸ்கு புஸ்கு! உனுக்கு வர்றப்போ படிச்சுக்கோக்கா."

மறுநாளே அவள் என் வாசலில் வந்து நின்றாள். "இன்னாக்கா, மாணிக்கம் மாணிக்கம்னு வந்துகினே கீது. யாரு அவன்? முன்கதை தெரியாம மண்ட காயுது."

"எனுக்கு இன்னா தெரியும்? பிரசாதம் உன்னுதாச்சே!"

கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம். அப்புறம் இரண்டு பேராலும் தாங்க முடியவில்லை. மாற்றக் கூடாதென்பதால் புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது. அவள் உரக்கப் படித்தாள். யார் யாரென்று நான் சொன்னேன். கொலை செய்த மாணிக்கம், போலீஸ் வருவதற்குமுன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் நிற்கிற இடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கோமதி முழுக் கதையையும் சொன்னாள். பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அதற்குக் 'கோமதி கதை' என்றே பெயராகிவிட்டது. பாதி என்னுடையதில்லையா?

வெகுநாள் கழித்து இரண்டாம் பாகம் என் கைக்கும் வந்தது. அந்தக் கோயில் வாசலைத் தேடினேன். இல்லவே இல்லை. மாணிக்கம் ஓடுகிறான், மாட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான். நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

"எங்கடி அந்த எடம்?"

"அது நான் சேத்துகினதுக்கா," என்று சிரித்தாள். "கொலகாரனா இருந்தா இன்னா, ஒரு வாட்டி சாமி முன்னால நிக்கட்டுமேன்னு தோணுச்சு."

விடிந்து எழுந்தால் சாமி கும்பிடுகிறவள் நான். எனக்கு அது தோன்றவில்லையே! ஊர் அவளைப் புகழ்ந்தபோது வந்ததெல்லாம் பொறாமையே இல்லை, அன்றைக்கு வந்ததுதான் பொறாமை.

கோமதி மகனோடு நெமிலிச்சேரிக்குப் போனாள். அங்கேயே அம்மன் காலடி சேர்ந்துவிட்டாள். எங்கள் புத்தகக் கூட்டம் இப்போது போனில் ஒரு குழுவாக இருக்கிறது. போன வாரம் நல்ல கதையொன்று படித்தேன். முடிவை மட்டும் வேண்டுமென்றே மறைத்து, மிச்சத்தைக் குழுவில் சொன்னேன். எல்லாரும் கும்பிடும் கைப் படம் அனுப்பினார்கள்.

முடிவு என்னவென்று ஒருத்தியும் கேட்கவில்லை.