சவரம் செய்துகொண்டு போன நாள்

மனநோய்க்காரன் என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க நான் பதினொரு மாதம் காத்திருந்தேன். அதற்கு முன்பு நாற்பத்தெட்டு வருடம், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஊரிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வேலையில்தான் எனக்கு அனுபவம் அதிகம். வினை அங்கேதான்.

குருண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெட்டிகளை அடுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்குவதுபோலப் பிழிந்தது. சாகப்போகிறேன் என்று முடிவுசெய்து, வண்டியை அணைத்து, சாவியை சூப்பர்வைசரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். மருத்துவமனையில் எல்லாக் கம்பிகளையும் ஒட்டிப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரமும் செத்தேன். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. ஆம்புலன்ஸ் பையன் என்னைப் பார்த்ததும் "லாகி, அங்கிள்?" என்றான். மறுபடியுமா என்று அர்த்தம். நான்காவது சாவுக்குப் பிறகு மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். வேலை போயிற்று. பயம் நிரந்தரமாயிற்று.

அந்தப் பயத்துக்கு நான் மண்டோர் என்று பெயர் வைத்திருக்கிறேன். தோட்டத்தில் தொழிலாளர்களை மேய்க்கும் மண்டோரைப் போலவே அதுவும் சொல்லாமல் வரும், இடுப்பில் கைவைத்து நிற்கும், என்ன தப்பு என்று சொல்லாமலே திட்டும். மண்டோர் வந்தால் நான் குளியலறையில் குந்திக்கொண்டு குழாயைக் கட்டிப்பிடித்துக்கொள்வேன். குழாய்க்கு இதில் ஆட்சேபணை இல்லை. சில நாள் மனைவி வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தலையில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, சட்டை மாட்டிவிடுவாள். "கல்யாண மாப்புள்ள கெளம்பியாச்சா?" என்பாள். அவளுக்கும் நக்கல் உண்டு. என்னோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தினால் சுவருக்கும் வரும்.

அவள் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகல் ஷிப்டுக்கு மாறினால் சம்பளம் குறையும், வீடு ஓடாது. பகலில் தூங்கலாம் என்றால் நான் இருக்கிறேன். அதனால் இரண்டு வருடமாக அவள் சரியாகத் தூங்கியதே இல்லை. எனக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்து, மாதாந்திர உதவி வந்தால், அவள் பகலுக்கு மாறிவிடலாம். அதற்கு ஒரு டாக்டர் என்னை நேரில் பார்த்து, மதிப்பிட்டு, விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கையெழுத்து.

முதல் தேதியை மருத்துவமனையிலேயே தள்ளிவைத்தார்கள். இரண்டாவது தேதியில் நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்தேன். கேட்டுக்கு வெளியே மண்டோர் நின்றிருந்தார். பயம் இருக்கிறது என்று காட்டப்போகும் இடத்துக்குப் பயத்தால் போக முடியாதவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போன் செய்து அடுத்த தேதி வாங்கினாள். அது நான்கு மாதம் தள்ளி.

அந்த மூன்றாவது தேதியில்தான் போனேன். போவதற்கு முன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஆறு மணிக்கே எழுந்து, மூன்று வாரத் தாடியை மழமழவென்று சவரம் செய்தேன். தீபாவளிக்கு எடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டேன். தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுத்தேன். நெற்றியில் திருநீறு. ஷூ. யாரும் செய்யச் சொல்லவில்லை. அதிகாரி முன்னால் போகிறோம் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாக அப்படித்தான் போகும்.

என் அப்பா மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிட்டு வேலை கொடுப்பார். ஒரு முறை காய்ச்சலில் அனலாகக் கொதித்துக்கொண்டு அப்பா அந்த வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். கிராணி பக்கத்தில் வந்து, "என்னா, ஒடம்பு முடியலியா?" என்றார். "நல்லா இருக்கேங்கய்யா" என்றார் அப்பா. கிராணி நாலு ஆள் தாண்டிப் போகும்வரை இருமலை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். முடியவில்லை என்று சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு முறை சொன்னவன் சோம்பேறி. ஆகவே யாரும் சொல்வதில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த மனைவி, குளித்த கையோடு என்னை மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஓட்டினாள். சுங்கைப் பட்டாணி மருத்துவமனைவரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நல்ல முதுகு.

காத்திருக்கும் இடத்தில் எண் கொடுத்தார்கள். மனைவி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் சுவரில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். எனக்கு இந்தப் பக்கம், தம்பிக்காக வந்திருந்த ஒரு அக்கா. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மடியில் பாரங்கள் திணித்த பிளாஸ்டிக் பை. பக்கத்தில் அவர் தம்பி, கிழிந்த பனியனோடு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அக்கா என்னை உச்சி முதல் ஷூ வரை பார்த்தார்.

"தம்பி யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்காகத்தாங்கா."

"அய்யோ, போச்சு லா! பொண்ணு பாக்க வந்த மாதிரி வந்திருக்கீங்க. சவரம் வேற பண்ணிருக்கீங்களே!"

"மரியாதைக்குக்கா."

"மரியாதைக்கு கார்டு குடுக்க மாட்டாங்க. போன தடவ இவனுக்கு நான் புதுச் சட்ட போட்டு கூட்டியாந்தேன். ஆறு மாசம் கழிச்சி வான்னுட்டாங்க. உள்ள போய் நீங்க வாயத் தொறக்காதீங்க. வீட்டுக்காரிய பேச விடுங்க. அவங்களுக்குத்தான் தெரியும் ஒங்க லெச்சணம்."

"நெத்தியடிக்கா" என்றேன். நன்றாகச் சிரித்தோம். சிரித்த சத்தத்துக்கும் மனைவி அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையுறை மாவு நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது. அவள் இப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்றோ.

என் எண் வந்தது. எழுப்பக் கையை நீட்டினேன். நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன். பத்து நிமிடம் தூங்கட்டுமே என்று நினைத்தேன். அக்கா கண்ணைக் காட்டி "எழுப்புங்க, எழுப்புங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். இதற்கு முன் பார்த்தவர் அல்ல. என் தடித்த கோப்பு அவர் முன்னால் இருந்தது.

"அப்பா கபார், அங்கிள்?" நலமா என்று கேட்டார்.

"கபார் பாயிக், டாக்டர்!" நலம் என்றேன். குரல் கணீரென்று வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய பெரட்டில் நின்றிருந்தேன்.

தனியாகக் குளிக்க முடியுமா என்றார். "போலே" என்றேன். முடியும். சமைக்க? போலே. தனியாகக் கடைக்குப் போக? நான் தனியாக வீட்டு கேட்டைத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. "போலே, டாக்டர்." தூக்கம்? மதிய நேரத்தில் மட்டும் மாமியாரைவிட நன்றாகக் குறட்டை விடுவேன் என்று ஒரு ஜோக் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சாகக் கிடந்தாலும் ஒரு ஆளைச் சிரிக்கவைத்துவிட்டால் எனக்கு வெற்றிதான்.

பிறகு அவர் கோப்பைப் புரட்டி, முகம் மாறி, மெதுவாகக் கேட்டார். "இதில் எழுதியிருப்பது வேறு மாதிரி இருக்கிறதே அங்கிள். மனைவி வந்திருக்கிறாரா? கூப்பிடலாமா?"

"வேணாம் டாக்டர். தூங்கட்டும்" என்று மலாயில் சொன்னேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கதவைப் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். கால் மேசைக்கடியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தது. மேசை மறைத்திருந்தது. நல்ல முன்னேற்றம் தெரிகிறது, மருந்தை மாற்றிப் பார்ப்போம், ஆறு மாதம் கழித்து மறுபடி மதிப்பிடுவோம் என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் காட்டியதைத்தானே அவர் எழுத முடியும்.

வெளியே வந்தபோது மனைவி விழித்திருந்தாள். அக்கா எழுப்பியிருக்கிறார்.

"ஏன் என்னைய எழுப்பல?"

"முடிஞ்சிருச்சி."

"கையெழுத்து?"

"ஆறு மாசம்."

அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மோட்டார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மண்டோர் வந்துசேர்ந்தார். அரை மணிநேரம் தாமதம். உள்ளே வந்திருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. நான் இரண்டு மோட்டார்களுக்கு நடுவே குந்தி, ஒரு மோட்டாரின் டயரைக் கட்டிக்கொண்டேன். நீலச் சட்டை வியர்வையில் கறுப்பாகிவிட்டது. செக்குரிட்டி ஓடிவந்து, "ஓகே கா, பாச்சே?" என்று நலம் விசாரித்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மனைவி அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். "உள்ளயும் இதத்தான் காட்டுனீங்களா?" என்றாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

வீட்டில் அவள் புதிய தேதியைக் குறிக்க நாள்காட்டியைத் தூக்கிப் பார்த்தாள். டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்த நாள் இன்னும் எங்கள் சுவருக்கு வந்திருக்கவில்லை. சீட்டைக் காந்தம் வைத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். ஒரு மணிநேரம்தான் படுத்தாள். அதில் பாதி நேரம் நான் குழாயோடு இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் முனையில் ஹார்ன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"தனியா இருந்துக்குவீங்கல்ல?"

"முடியாது" என்றேன்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சொன்னேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியது. அவள் நின்றாள். கதவில் கைவைத்தபடி என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கழற்ற வழியில்லை என்று எனக்கும் தெரியும். பஸ் இரண்டாவது முறை ஹார்ன் அடித்தது.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.