ஐந்தாவது வரி

என் பணப்பையில் ஓர் ஓடர் துண்டு இருக்கிறது. நடுவில் ஆணி குத்திய ஓட்டை. உணவகத்தில் பரிமாறுபவர் எழுதிக் குசினிக்குள் அனுப்பும் துண்டுதான், ஆனால் மேலே "மேசை 1, ஆள் 1" என்று எழுதி, கீழே ஓர் ஊரில் பார்க்க வேண்டியவை ஐந்து வரிகளில் இருக்கின்றன. மிளகுத் தோட்டம், பச்சை மிளகோடு நண்டு. விடியவே உப்பளம். மேகம் இறங்கும் மலை. இடிந்த இடமெல்லாம் விதம்விதமாய் ஒட்டுப்போட்ட பழைய பாலம். ஐந்தாவது: ஆற்றங்கரையில் இரு, தண்ணீர் திரும்பும்வரை. முதல் நான்கும் பேனையால் வெட்டப்பட்டிருக்கின்றன.

எழுதியவர் எங்கள் ஷெஃப், கம்போடியாவின் கம்போட் என்ற ஆற்றங்கரைப் பட்டணத்துக்காரர். பாரிஸில் லா ஷப்பேல் பகுதியில் ஓர் அறையில் ஐந்து பேராய்க் கிடந்த காலத்தில் அவருடைய குசினியில் கோப்பை கழுவப் போனவன் நான். இருவரும் அகதிகள். அவருடைய பயணப் பத்திரத்தில் "கம்போடியா தவிர எல்லா நாடுகளும்" என்றிருக்கும், என்னுடையதில் "சிறிலங்கா தவிர". "நீ என்ர ஊருக்குப் போ, நான் உன்ர ஊருக்குப் போறன்" என்று பகிடி விடுவார். பேசியதெல்லாம் உடைந்த பிரெஞ்சில்தான். இப்போது நினைத்தால் யாழ்ப்பாணத் தமிழில் பேசியதாகவே காதில் விழுகிறது. வேலையில் பொல்லாத மனுசன். ஒவ்வொரு தட்டும் வெளியே போகப் போக அந்த வரியை வெட்டுவார். எல்லா வரியும் வெட்டுப்பட்டால்தான் துண்டை ஆணியில் குத்துவார். "போகாத சாப்பாட்டைப் போனது எண்டு சொல்லாதை!" என்று அவர் கத்தினால் பீங்கான் கைநழுவும்.

எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அவர் குடியுரிமைக்கான நேர்முகத்துக்குப் போகவே இல்லை, பயம். மலேசியாவில் மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம், அப்படியே கம்போட்டுக்கும் போய்வருகிறேன் என்று வாய்விட்டேன். அன்றுதான் துண்டை எழுதினார். ஐந்தாவது வரியைக் காட்டி, கடல் ஏறும்போது அந்த ஆறு ஒரு கணம் அசையாமல் நின்று பிறகு மலைப் பக்கம் ஓடும், அதை முதலில் காண்பது யார் என்று தானும் தங்கையும் போட்டி போட்டுக் காத்திருப்போம் என்றார். தங்கை யுத்தத்தில் போன இடம் தெரியாது. "மற்றதெல்லாம் பார்க்காட்டியும் பரவாயில்லை. அது இன்னும் திரும்புதோ எண்டு ஒருத்தன் கண்ணால பார்த்துச் சொன்னாப் போதும்."

ஃபொபூர் சென் தெனித் தெருவில் விமான டிக்கெட் போட்டுத் தந்த கடைக்காரத் தம்பி, "கம்போடியாவோ? அங்கை என்னண்ணை கிடக்கு?" என்று சிரித்தான். கிடந்தது. நண்டு தின்றோம், உப்பளத்தில் படம் எடுத்தோம், மலையில் நனைந்தோம், பாலத்தில் நடந்தோம். கடைசி மாலை ஆற்றங்கரையில் இருந்தேன். கால் இரண்டும் இரும்பாய்க் கனத்தன. ஒரு மணித்தியாலமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்று ஷெஃப் சொல்லியிருந்தார். ஆறு கடலை நோக்கித் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. "ஆத்தைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? சேன் ஆறு பாரிஸுக்குள்ளயே ஓடுது, எழும்புங்கோ" என்றாள் மனைவி. அவள்மேல் பழி போட மாட்டேன். கால் மணி நேரத்தில் எழும்பியவன் நான்தான்.

திரும்பி வந்ததும் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஒவ்வொரு வரியாய் வெட்டினார். பிறகு பேனையைப் பிடித்தபடி, "தண்ணி திரும்பிச்சுதோ?" என்றார்.

"ஓம் ஷெஃப், திரும்பினது."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்று சொல்லித் துண்டை ஆணியில் குத்திவிட்டு அடுப்புப் பக்கம் போனார். நாள் முடிவில் ஆணியைத் துப்புரவாக்குவது என் வேலை. துண்டுகளைக் கழற்றும்போதுதான் கண்டேன், ஐந்தாவது வரி வெட்டப்படவில்லை. ஒரு வரி மிஞ்சிய துண்டை அவர் குத்தியதை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அதைப் பணப்பைக்குள் வைத்தேன். ஆனால் ஏன் என்று அவரைக் கேட்கவில்லை. வருடக்கணக்காய்க் கேட்கவில்லை, வெட்கம்.

இப்போது ஷெஃப் சென் தெனியில் ஒரு முதியோர் விடுதியில் இருக்கிறார். எனக்கும் முழங்கால் போய்விட்டது, அங்கே படி ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை துண்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"ஷெஃப், நான் பாக்கேல்லை. தண்ணி திரும்ப முதலே எழும்பிட்டன்."

"தெரியும். களைச்சுப்போய் வந்திருந்தாய்."

"பிறகேன் ஆணியில குத்தினனீங்கள்?"

"எனக்கும் களைப்பு" என்றார்.

விரலால் ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் இருந்த பேனையை அவர் கையில் கொடுத்தேன். என்னைத் திட்டி அந்த வரியையும் வெட்டிவிட்டால் நிம்மதியாய் இருக்கும் என்று நினைத்தேன். வாங்கவில்லை. துண்டை மடித்து என் உள்ளங்கையில் வைத்து, சாப்பாடு இன்னும் போகாத மேசையைப் பற்றிக் குசினியில் சொல்வதுபோலச் சொன்னார்:

"வைச்சிரு. மேசை ஒண்டில ஆள் இன்னும் இருக்கு."