ஓடை வற்றிய மழைநாள்

என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக மலை. நடுவே நகத்தளவு கருப்பு. பார்ப்பவர்கள் பிரசவ ஸ்கேனா என்று கேட்பார்கள். ஒருவகையில் அப்படித்தான் என்பேன்.

ஜவ்வாது மலையில் விடாமல் மழை கொட்டிய வாரம். என் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி கண்டுவிட்டது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, போளூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றார் நர்சம்மா. ஊருக்கும் சாலைக்கும் நடுவே ஓடை. முந்தின நாள் இடுப்பளவு ஓடிய தண்ணீர், மழை நிற்காமலேயே அன்று காலை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று கும்பிட்டோம். கம்பில் டோலி கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தால், எதிர்க்கரையில் தாசில்தார் அம்மா கையை வீசி, "இறங்காதீங்க!" என்று கத்துகிறார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "தண்ணிதான் எறங்கிடுச்சே மேடம், இன்னாத்துக்கு நிக்கச் சொல்றீங்க? அவ உசுரு போச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?" என்றேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடையைத் தாண்டி எங்கள் கரைக்கே வந்துவிட்டார்.

வந்ததும் கைப்பேசியை நீட்டினார். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் செயற்கைக்கோள் எடுத்த படமாம், வேறொரு நாட்டுடையது. பேரிடர் என்றால் காசு வாங்காமல் படங்களைக் கொடுத்துதவ நாடுகள் பல கூடி ஒப்பந்தம் செய்திருக்கின்றனவாம். "மேல மண்ணு சரிஞ்சு ஓடைய அடைச்சிருக்குங்க. இந்தக் கருப்பு, தேங்கின தண்ணி. ஒடைஞ்சா ஒரே அடியா வரும். மேட்டுக்கு ஏறுங்க." டோலியில் அவள் முனகினாள். டோலியைத் திருப்பினோம்.

பள்ளிக்கூடத்து மேட்டை எட்டியபோது நிலம் அதிர்ந்தது. மரமும் பாறையும் சேறுமாக ஓடை இறங்கியது. நாங்கள் நின்றிருந்த கரையே இல்லாமல் போனது. இனி ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அவளையும் நர்சம்மாவையும் வகுப்பறைக்குள் விட்டுவிட்டு, வெளியே நானும் தாசில்தார் அம்மாவும் நின்றோம். பொழுது சாய்ந்த பிறகுதான் உள்ளிருந்து குழந்தை அழுதது. அவரும் அழுதார்.

அவர் மாற்றலாகிப் போகுமுன் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினேன். அனுப்பிவிட்டுச் சொன்னார்: "இந்த மாதிரிப் படத்துல மலை நெழலும் கருப்பாத்தான் தெரியுமாம். தண்ணியா நெழலான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலைங்க. அதான், அந்தப் பக்கம் நின்னுகிட்டுச் சொல்ல மனசு வரல."

இப்போது என் மகள் அந்தக் கருப்பை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். "நெழலா இருந்திருந்தா இன்னாப்பா ஆயிருக்கும்?" என்று கேட்கிறாள். உள்ளே அவள் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிடுகிறது. நான் கைப்பேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.