கழுத்தோரம் ஓர் ஒட்டு

அப்பா வெல்டர். சின்ன ஒட்டு வைக்கும்போது முகமூடி போடமாட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொறியைத் தட்டுவார். "ரெண்டு நொடி வேலைக்கு மூஞ்சிய பெட்டிக்குள்ள வைக்கணுமாக்கும்!" என்பார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்த வெல்டிங் வெளிச்சத்திலுள்ள புற ஊதாக்கதிர், தோல் செல்லுக்குள் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு காரங்களை, அதாவது அதன் எழுத்துகளை, ஒட்டிவிடும் என்று அங்கே படித்தேன். அதுவும் ஓர் ஒட்டுதான். அந்த இடத்தில் இழை வளைந்துவிடும். நகலெடுக்க வரும் என்சைம் அங்கே திக்கி நிற்கும். பழுதை வெட்டியெடுக்கும் என்சைம்கள் அதைத் தவறவிட்டால் நகலில் பிழை விழும். பிழைகள் சேர்ந்தால் புற்று. இதை வீட்டில் எந்தச் சொல்லில் சொல்வது?

நேற்று அப்பாவின் காலரை மடித்துவிட்டேன். காதுக்குக் கீழே மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி, ஓரம் கோணலாக.

"எப்பலேர்ந்துப்பா இது?"

"பொறி பட்ட தழும்பும்மா. அதுக்குள்ள டாக்டராயிட்டியா?"

"போன மாசம் கடுகாட்டம் இருந்துச்சே," என்றாள் அம்மா.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்ப்பா."

"போலாம்," என்றார் உடனே.

ஊசி என்றாலே சண்டைக்கு வரும் மனிதர். அவர் முன்பே பயந்திருக்கிறார்.